ஊருக்கே உரிய நிலம்: லெட்ச்வொர்த் நகரின் அமைப்பும் ஆட்சியும்

ஓர் ஊருக்கு முதலில் சாலை வருகிறது. பின்னர் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வருகின்றன. ரயில் நிலையமும் அமைந்துவிட்டாலோ, நேற்றுவரை கேட்பாரின்றிக் கிடந்த மேட்டு நிலம் இன்று பல மடங்கு விலை பெறுகிறது. இந்த விலையேற்றம் நிலத்துக்கு உரியவர் பாடுபட்டுத் தேடியது அன்று. ஊரார் பலர் கூடி வாழ்வதாலும், பொதுப் பணத்தில் வசதிகள் பெருகுவதாலும் விளைந்தது அது. அவ்வாறாயின், அதன் பயன் யாரைச் சேர வேண்டும்? நிலத்தை வாங்கி விற்போரையா, ஊரையா?

இக்கேள்விக்கு ஏட்டில் மட்டுமன்றி, மண்ணிலும் விடை காண முயன்ற ஓர் ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. லெட்ச்வொர்த் என்பது அதன் பெயர். உலகின் முதல் 'தோட்ட நகரம்' என்று அதனைச் சொல்வார்கள். 1903-ஆம் ஆண்டில் தோன்றிய அந்நகரம், தன் நிலத்தின் வருவாயைத் தன் நலத்துக்கே செலவிட்டு வருகிறது. ஆனால் அதே ஊரார், தங்களுக்கென்று அமைந்த நகர மன்றத்தைத் தங்கள் வாக்கினாலேயே கலைத்தும் விட்டார்கள். இவ்விரு செய்திகளும் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டிருப்போர் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. ஆகவே அந்நகரின் இட அமைப்பு, வரலாறு, ஆட்சி முறை ஆகியவற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

நகர் அமைந்த இடம்

லண்டன் மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், ஹார்ட்போர்டுஷயர் என்னும் மாவட்டத்தின் வட பகுதியில் லெட்ச்வொர்த் அமைந்துள்ளது. இங்கிலாந்தில் மாவட்டத்தைக் 'கவுன்டி' என்பர். நகரின் தென்மேற்கே ஹிட்சின் என்ற பழைய சந்தை நகரமும், கிழக்கே பால்டாக் என்ற பழைய நகரமும் உள்ளன. இரண்டும் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் செல்லும் ரயில் பாதை லெட்ச்வொர்த்தின் நடுவே செல்கிறது. லண்டனிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெரிய நெடுஞ்சாலையும் அருகிலேயே உள்ளது. ரோமானியர் வருகைக்கும் முற்பட்டது என்று கருதப்படும் இக்னீல்டு வழி என்னும் தொன்மையான பாதையும் இவ்வூரின் ஊடே செல்கிறது.

இப்பகுதியின் அடித்தளம் சுண்ணப் பாறை. அதன்மேல் பல இடங்களில் களிமண் படிந்துள்ளது. மழைநீர் சுண்ணப் பாறையினுள் எளிதில் ஊறி இறங்கிவிடுவதால், மேட்டுப் பகுதிகளில் ஓடைகள் குறைவு. தாழ்ந்த இடங்களில் அந்நீர் ஊற்றாக வெளிப்படுகிறது. அண்டையிலுள்ள பால்டாக்கில் ஐவல் ஆறு இவ்வாறு ஊற்றெடுத்தே பிறக்கிறது. லெட்ச்வொர்த்தின் ஊடே பிக்ஸ் என்னும் சிற்றோடை வடக்கு நோக்கி ஓடுகிறது. மழையளவு ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான். நம் மாநிலத்தின் வறண்ட பகுதிகள் சிலவற்றைவிட இது குறைவு என்றாலும், அங்கு மழை ஒரு பருவத்தில் கொட்டித் தீர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகப் பெய்கிறது. வெயிலும் கடுமையன்று. ஆதலால் கிணற்றுப் பாசனமோ கால்வாய்ப் பாசனமோ இன்றிக் கோதுமையும் பார்லியும் நன்கு விளைகின்றன. இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமையை அடுத்த ஆகஸ்டு மாதத்தில் அறுவடை செய்கிறார்கள்.

நகரம் தோன்றுமுன் இங்கே லெட்ச்வொர்த், நார்ட்டன், வில்லியன் என்று மூன்று சிற்றூர்களே இருந்தன. மூன்றிலும் சேர்ந்து சில நூறு பேரே வசித்தனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 34,000.

சுருக்கெழுத்தாளர் போட்ட கணக்கு

இந்நகரைக் கனவு கண்டவர் எபனீசர் ஹோவர்டு என்பவர். இவர் பெருநிலக்கிழாரும் அல்லர். பட்டம் பெற்ற பொறியியல் வல்லுநரும் அல்லர். 1850-இல் லண்டனில் பிறந்த இவர், தம் 21-ஆம் வயதில் அமெரிக்கா சென்று, நெபிராஸ்கா மாநிலத்தில் நிலம் பெற்றுப் பயிர் செய்ய முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. சிகாகோ நகரில் சில காலம் இருந்துவிட்டு, 1876-இல் தாயகம் திரும்பிப் பாராளுமன்றத்தில் நடைபெறும் விவாதங்களைச் சுருக்கெழுத்தில் எழுதும் தொழிலை மேற்கொண்டார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் கிராமங்கள் பெரும் துன்பத்தில் ஆழ்ந்திருந்தன. அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதால், உள்நாட்டு விவசாயிக்கு விளைச்சலுக்கேற்ற விலை கிடைக்கவில்லை. நில மதிப்பு வீழ்ந்தது. வேலையிழந்த கூலியாட்கள் லண்டன் போன்ற நகரங்களுக்குச் சென்று, புகையும் நெரிசலும் நிறைந்த சேரிகளில் ஒடுங்கினார்கள். கிராமம் காலியாகிறது, நகரம் நிரம்பி வழிகிறது என்ற இரண்டு நோய்களுக்கும் ஒரே மருந்து உண்டு என்று ஹோவர்டு கருதினார். 1898-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் அம்மருந்தை விளக்கியது.

அவருடைய திட்டம் இதுதான். மலிவாகக் கிடைக்கும் விவசாய நிலத்தில் 6,000 ஏக்கரை ஒரே பரப்பாக வாங்க வேண்டும். நடுவே 1,000 ஏக்கரில் நகரம் அமைய வேண்டும். சுற்றிலும் 5,000 ஏக்கர் என்றென்றும் விவசாயத்துக்கே விடப்பட வேண்டும். நகரில் 30,000 பேரும், சுற்றியுள்ள பண்ணைகளில் 2,000 பேரும் வாழலாம். அதற்குமேல் மக்கள் பெருகினால், நகரைப் பெருக்காமல் வேறோர் இடத்தில் புதிய நகரம் காண வேண்டும். விவசாயிக்கு விளைபொருளை விற்க வாயிற்படியிலேயே சந்தை கிடைக்கும். நகரத்தாருக்குப் புதிய காய்கறியும் பாலும் கிடைக்கும். நகரின் கழிவு எருவாகி வயலுக்குத் திரும்பும்.

ஆனால் திட்டத்தின் உயிர்நாடி, நிலத்தின் உடைமையில்தான் இருந்தது. நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடக் கூடாது. ஊரின் சார்பில் பொதுவாகவே வைத்திருக்க வேண்டும். வீடு கட்டுவோரும் கடை வைப்போரும் தொழிற்சாலை நடத்துவோரும் அடிமனைக்கு வாடகை செலுத்த வேண்டும். கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு ஆண்டுதோறும் அடிமனை வாடகை செலுத்துவோர் நம் ஊர்களில் இருப்பதால், இம்முறை நமக்குப் புதிதன்று. அவ்வாடகையில் ஒரு பகுதி, நிலம் வாங்கப் பெற்ற கடனுக்கு வட்டியாகும். மற்றொரு பகுதி, முதலைச் சிறுகச் சிறுக அடைக்க உதவும். எஞ்சியது சாலைக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் முதியோர் நலத்துக்கும் ஆகும். ஊர் வளர வளர வாடகை உயரும். கடன் தீரத் தீர ஊருக்கு எஞ்சுவது பெருகும். இதுவே ஹோவர்டு போட்ட கணக்கு.

ஏக்கர் 40 பவுன்

நூல் வெளிவந்த மறு ஆண்டே தோட்ட நகரச் சங்கம் தோன்றியது. 1903-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'முதல் தோட்ட நகரக் கம்பெனி' பதிவு செய்யப்பட்டது. 15 நில உடைமையாளர்களிடமிருந்து 3,818 ஏக்கர் நிலத்தை 1,55,587 பவுனுக்குக் கம்பெனி வாங்கியது. அதாவது ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 40 பவுன். செய்தி வெளியே பரவினால் விலை ஏறிவிடும் என்பதால், பேரங்கள் யாவும் மறைவாகவே நடத்தப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் தேதியன்று நகரின் தொடக்க விழா நடைபெற்றது.

கம்பெனியில் பங்கு வாங்குவோருக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபப் பங்கு தருவதில்லை என்பது விதி. அதற்கு மேற்பட்ட லாபம் ஊருக்கே உரியது. நல்ல விதியே, ஆயினும் முதலில் லாபம் வந்தால் அல்லவா பங்கிடலாம்? சாலை போட வேண்டும்; கிணறு வெட்டிக் குழாயில் குடிநீர் வழங்க வேண்டும்; எரிவாயுவும் மின்சாரமும் தயாரிக்க வேண்டும். குடியேறுவோர் வருமுன்னரே இத்தனை செலவும் வந்து நின்றது. பங்குதாரர்கள் தங்களுக்குரிய முழு 5 சதவீதத்தைப் பெற 1923-ஆம் ஆண்டுவரை காத்திருந்தார்கள். பொது உடைமையில் அமையும் எந்தத் திட்டத்துக்கும் பொறுத்திருக்கும் முதலீடு வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

காற்றும் மனையும் கருதிய அமைப்பு

நகரின் வரைபடத்தைத் தயாரித்தவர்கள் பாரி பார்க்கர், ரேமண்டு அன்வின் என்ற இரு கட்டடக் கலைஞர்கள். இங்கிலாந்தில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்துமே காற்று மிகுதியாக வீசும். ஆதலின் தொழிற்சாலைகளை நகரின் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டி அமைத்தார்கள். புகை வீடுகளின் மேல் படியாமல் அப்பால் சென்றுவிடும்; சரக்கு ஏற்றவும் இறக்கவும் ரயில் அருகிலேயே இருக்கும். நடுவே அகன்ற நிழற்சாலையும் சதுக்கமும் அமைந்தன. நார்ட்டன் பொதுநிலம் என்னும் பசும்புல் வெளியும் தோப்பும் வெட்டப்படாமல் நகரின் நடுவிலேயே காக்கப்பட்டன. இங்கிலாந்தில் முதன்முதல் அமைந்த ரவுண்டானா இந்நகரில் உள்ளதே என்பதும் குறிப்பிடத்தக்கது.

குடியிருப்புப் பகுதியில் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கூடாது என்பது அன்வின் வற்புறுத்திய அளவு. நெருக்கமாகக் கட்டினால் செலவு மிஞ்சும் என்று பலர் எண்ணினார்கள். நெருக்கமாகக் கட்டும்போது குறுக்குச் சாலைகள் மிகுவதால் மிச்சப்பட்ட நிலத்தின் பெரும் பகுதியைச் சாலையே விழுங்கிவிடுகிறது என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட இடம் விடும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது.

1905-ஆம் ஆண்டில் இங்கே நடைபெற்ற 'மலிவு வீடுகள் கண்காட்சி' நம் விவசாயிகளின் கவனத்துக்கு உரியது. பண்ணைத் தொழிலாளி தன் வருவாய்க்குள் வாடகை செலுத்தக்கூடிய வீட்டை 150 பவுன் செலவில் கட்ட முடியுமா என்பதே அக்கண்காட்சி எழுப்பிய வினா. செங்கல், மரம், கான்கிரீட்டு என்று பலவகைப் பொருள்களால் நூற்றுக்கு மேற்பட்ட சிறு வீடுகள் எழுந்தன. சுமார் 60,000 பேர் வந்து கண்டு சென்றனர். அவ்வீடுகளிற் பல இன்றும் குடியிருப்புகளாக நிற்கின்றன.

அடிமனையின் அதிகாரம்

நிலம் பொதுவில் இருந்தமையால், ஊர் மன்றத்துக்கும் இல்லாத ஓர் அதிகாரம் கம்பெனிக்கு இருந்தது. குத்தகைப் பத்திரத்தில் நிபந்தனை விதிக்கலாம். வீட்டின் தோற்றத்தையும் வேலியின் உயரத்தையும் கூட வரையறுக்கலாம். மதுக்கடைப் பிரச்சினையில் இவ்வதிகாரத்தின் வலிமை வெளிப்பட்டது. நகரில் மதுக்கடைக்கு மனை தருவதா என்பதை நகரவாசிகளின் வாக்குக்கே கம்பெனி விட்டது. வேண்டாம் என்ற முடிவே மீண்டும் மீண்டும் வந்தது. 1907-இல் திறக்கப்பட்ட ஒரு விடுதியில் தேநீரும் பிற பானங்களும் கிடைத்தன. மது மட்டும் கிடையாது. நார்ட்டன், வில்லியன் முதலிய பழைய ஊர்களில் முன்பே இருந்த கடைகள் தொடர்ந்தன. புதிய நகரின் நடுவில் மதுக்கடைக்கு இசைவு கிடைத்தது 1958-இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பின்னரே. சட்டத்தால் தடுக்கப்படாத ஒன்றை, நிலத்தின் உரிமையைக் கொண்டு அரை நூற்றாண்டுக் காலம் ஊரார் நிறுத்தி வைத்தார்கள்.

ஊரை விலைக்குக் கேட்ட கம்பெனி

ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. நிலம் ஊரின் பொருட்டு இருந்தது என்றாலும், சட்டப்படி அது கம்பெனியின் சொத்து. கம்பெனியின் பங்குகளோ சந்தையில் வாங்கவும் விற்கவும் கூடியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நில மதிப்பு உயர்ந்தது. 1960-ஆம் ஆண்டில் ஓட்டல் யார்க் என்னும் வெளி நிறுவனம் பங்குகளை வாங்கிக் குவித்துக் கம்பெனியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. அதன் கையில் போனது ஒரு கம்பெனி மட்டும் அன்று. ஒரு நகரத்தின் வீதி, கடைத்தெரு, வயல் அனைத்தின் அடிமனையும் ஆகும்.

ஊரார் விழித்துக்கொண்டார்கள். அப்போது ஊரின் சார்பில் பேச, ஊராரே தேர்ந்தெடுத்த நகர மன்றம் இருந்தது. அம்மன்றமே முன்னின்று பாராளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுவரச் செய்தது. 1962-இல் சட்டம் நிறைவேறி, 1963-ஆம் ஆண்டு ஜனவரியில் நகரின் நிலம் ஒரு பொதுக் கார்ப்பரேஷனின் பொறுப்புக்கு வந்தது. 1995-இல் மற்றொரு சட்டத்தின் வாயிலாக அப்பொறுப்பு 'லெட்ச்வொர்த் தோட்ட நகரப் பாரம்பரிய அறநிலையம்' என்னும் அமைப்புக்கு மாறியது. கடைகள், தொழிற்கூடங்கள், பண்ணைகள் ஆகியவற்றிலிருந்து வரும் வாடகையே இந்த அறநிலையத்தின் முதன்மையான வருவாய். அதனைக் கொண்டு திரையரங்கு, உடற்பயிற்சி மருத்துவ நிலையம், பொதுமக்கள் கண்டு பயில ஒரு பண்ணை, நகரைச் சுற்றி நடைபாதை முதலியவற்றை அது அமைத்துப் பேணி வந்துள்ளது. நகரின் சங்கங்களுக்கும் உதவித் தொகை வழங்குகிறது.

இதற்கிடையில் வேறு வழியில் ஒரு கசிவு ஏற்பட்டதையும் சொல்ல வேண்டும். 1967-ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. நீண்டகாலக் குத்தகையில் வீடு வைத்திருப்போர் தங்கள் அடிமனையை விலைக்கு வாங்கிக்கொள்ள அது உரிமை அளித்தது. குடியிருப்போருக்கு அது நியாயமான பாதுகாப்பே. ஆனால் அதன்பின் வீட்டு மனைகளின் விலையேற்றம் அந்தந்த வீட்டுக்காரரையே சேர்ந்தது, ஊருக்கு வரவில்லை. லண்டனுக்கு நாள்தோறும் ரயிலில் சென்று வேலை பார்ப்போர் மிகுந்த இந்நகரில், பண்ணைத் தொழிலாளிக்காக 150 பவுனில் எழுந்த வீடுகள் எளியவரின் கைக்கு எட்டாதவை ஆயின.

ஊரை ஆளும் மன்றங்கள்

இனி ஆட்சி முறையைக் காண்போம். இங்கிலாந்தின் ஸ்தல ஆட்சியில் மிகச் சிறிய அலகு 'பாரிஷ்' எனப்படும். தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப் பிரிவிலிருந்து அப்பெயர் வந்தது. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் சிற்றூர்களில் தேர்தல் மூலம் அமையும் பாரிஷ் மன்றங்களைத் தோற்றுவித்தது. நம் கிராம ஊராட்சிக்கு ஒப்பாக இதனைச் சொல்லலாம். ஆயினும் அதன் பணிகள் குறைவு. விளையாட்டுத் திடல், சமூகக் கூடம், இடுகாடு, நடைபாதை விளக்கு, பேருந்து நிழற்குடை, காய்கறி பயிரிடுவோருக்குச் சிறு நிலத் துண்டுகள் போன்றவற்றைக் கவனிப்பதும், கட்டட அனுமதி விண்ணப்பங்களில் தன் கருத்தைத் தெரிவிப்பதும் அதன் வேலை. நகரங்களில் இதே அமைப்பை நகர மன்றம் என்றும் அழைப்பதுண்டு.

லெட்ச்வொர்த் வளர்ந்ததும் 1919-இல் அது 'நகர்ப்புற டிஸ்டிரிக்ட்' என்ற தகுதி பெற்றது. கழிவுநீர், சுகாதாரம், வாடகை வீடுகள் ஆகியவற்றை அந்த நகர மன்றம் நடத்தியது. நிலத்தின் சொந்தக்காரராகக் கம்பெனி ஒருபுறம், வாக்காளரின் பிரதிநிதியாக மன்றம் மறுபுறம் என்று இரட்டை முறை அக்காலம் முதலே அமைந்துவிட்டது. 1962-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக முயன்றது இந்த மன்றமே.

1974-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாடு முழுவதும் ஸ்தல ஆட்சி திருத்தியமைக்கப்பட்டபோது, லெட்ச்வொர்த் மன்றம் மறைந்தது. ஹிட்சின், லெட்ச்வொர்த், பால்டாக், ராய்ஸ்டன் ஆகிய நான்கு நகர மன்றங்களும், ஹிட்சின் கிராமப்புற மன்றமும் இணைந்து, வட ஹார்ட்போர்டுஷயர் டிஸ்டிரிக்ட் என்ற ஒரே பெரிய அலகாயின. அதன் அலுவலகம் லெட்ச்வொர்த்திலேயே இருக்கிறது. ஆனால் அது நான்கு நகரங்களுக்கும் பல கிராமங்களுக்கும் பொதுவானது.

அதன்பின் வேலைப் பிரிவினை இவ்வாறு அமைந்தது. சாலை, பள்ளி, நூலகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை கவுன்டி மன்றத்தின் பொறுப்பு. கட்டட அனுமதி, நில உபயோகத் திட்டம், பூங்கா, வீட்டுக் குப்பை சேகரிப்பு ஆகியவை டிஸ்டிரிக்ட் மன்றத்தின் பொறுப்பு. வீட்டுக் குப்பையைச் சேகரிப்பது டிஸ்டிரிக்ட். சேகரித்ததை ஒழிப்பது கவுன்டி. வீட்டு வரியைப் பொறுத்தவரை, 1991-ஆம் ஆண்டு மதிப்பின்படி வீடுகள் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1993 முதல் நடைமுறையில் உள்ள அவ்வரியை வசூலிப்பது டிஸ்டிரிக்ட் மன்றம். ஆனால் அதில் பெரும் பகுதி கவுன்டிக்கும், ஒரு பகுதி காவல் துறைக்கும் போய்விடுகிறது. பாரிஷ் மன்றம் உள்ள ஊர்களில் அம்மன்றம் கேட்கும் தொகையும் அதே வரிச்சீட்டில் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது.

லெட்ச்வொர்த்வாசி ஒருவர் தம் வீட்டை ஓர் அறை நீட்டிக் கட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அனுமதி தேவைப்படும் வேலையானால் டிஸ்டிரிக்ட் மன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதோடு நில்லாமல், நகரின் தோற்றத்தைக் காக்கும் பொறுப்புடைய அறநிலையத்தின் இசைவையும் தனியே பெற வேண்டும். அடிமனையை வாங்கிவிட்டவருக்கும் பெரும்பாலும் இவ்விதி பொருந்தும். ஒன்று வாக்கின் வழி வந்த அதிகாரம். மற்றொன்று நிலத்தின் வழி வந்த அதிகாரம்.

தோன்றி மறைந்த மன்றம்

1974-க்குப் பின் லெட்ச்வொர்த்துக்கென்று தனி மன்றம் இல்லாத குறையைப் போக்க, 2005-ஆம் ஆண்டில் பாரிஷ் தகுதியுடைய ஒரு நகர மன்றம் தோற்றுவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில் அதற்கு எதிர்ப்பு வலுத்தது. 2009-ஆம் ஆண்டுத் தேர்தலில், மன்றத்தைக் கலைப்பதையே தங்கள் கொள்கையாக அறிவித்த ஒரு குழுவினர் போட்டியிட்டு, மிகப் பெரும்பாலான இடங்களைக் கைப்பற்றினார்கள். பதவிக்கு வந்து அப்பதவியை ஒழிப்பதே அவர்கள் பெற்ற ஆணை. சட்டப்படி செய்ய வேண்டிய பரிசீலனைகள் முடிந்து, 2013-ஆம் ஆண்டில் மன்றம் கலைக்கப்பட்டது.

தன்னாட்சிக்குப் பெயர்பெற்ற ஊரிலே இவ்வாறு நேரக் காரணம் யாது? நிலைமையைப் பார்த்தால் விளங்கும். சாலை கவுன்டியிடம், குப்பையும் கட்டட அனுமதியும் டிஸ்டிரிக்டிடம், பூங்காவுக்கும் பண்பாட்டுக்கும் உதவும் நிலவருவாய் அறநிலையத்திடம். நான்காவதாக வந்த மன்றத்துக்கு எஞ்சிய வேலை சிறிது. அதற்கென்று வரிச்சீட்டில் ஏறிய தொகையோ கண்ணுக்குத் தெரிந்தது. கொடுக்கும் வரி தெரிந்து, கிடைக்கும் பயன் தெரியாவிடின், எந்த மன்றத்தின்பாலும் மக்களுக்குப் பற்று ஏற்படாது.

வடக்கே உள்ள வயல்கள்

தனி மன்றம் இல்லாமற்போனதன் விளைவு எத்தகையது என்பதை, நகரின் வடக்கேயுள்ள வயல்களைப் பற்றிய விவாதம் உணர்த்துகிறது. ஹோவர்டின் திட்டப்படி நகரைச் சுற்றியுள்ள விவசாய நிலம் கட்டடம் ஏறாத பசுமை வளையமாக நிலைத்திருக்க வேண்டும். ஆனால் வீடுகளுக்கான தேவை மிகுந்துவிட்டது. டிஸ்டிரிக்ட் மன்றம் 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்ட நில உபயோகத் திட்டத்தில், லெட்ச்வொர்த்தின் வட எல்லையில் பசுமை வளையத்திலிருந்து விடுவிக்கப்பட்ட நிலத்தில் சுமார் 900 வீடுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அந்நிலம் அறநிலையத்துக்கு உரியது.

இதில் இரு பக்கத்தாரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊரிலேயே வீடு வேண்டாமா என்று ஒரு சாரார் கேட்கின்றனர். நிலத்தால் வரும் பணம் மீண்டும் ஊரின் நலத்துக்கே வரும் என்றும் கூறுகின்றனர். வயலைக் காப்பதே தோட்ட நகரத்தின் இலட்சணம், அதனை விட்டபின் பெயர் மட்டும் எதற்கு என்று மற்றொரு சாரார் கேட்கின்றனர். நிலம் ஓர் அமைப்பிடம். அனுமதி, நான்கு நகரங்களுக்குப் பொதுவான மன்றத்திடம். ஊரார் தங்கள் முடிவை ஒரே குரலாகச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றம் ஒன்று இல்லை. 1960-ஆம் ஆண்டு ஆபத்தின்போது இருந்த குரல் இப்போது இல்லை.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட வெள்ளையறிக்கை, கவுன்டி, டிஸ்டிரிக்ட் என்ற இருபடி முறையை நீக்கி, பெரிய ஒருபடி மன்றங்களை அமைக்க வேண்டும் என்று கூறியது. மன்றம் பெரிதாகும்போது ஊருக்கும் அதற்கும் இடையிலுள்ள தொலைவும் பெரிதாகும். அப்போது ஊர் அளவில் ஒரு மன்றம் தேவையா என்ற கேள்வி லெட்ச்வொர்த்தில் மீண்டும் எழுவது இயல்பே.

நாம் கருதத்தக்கவை

இந்நகரின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பொது நிலம் ஊரின் வற்றாத ஊற்று. விற்றால் ஒருமுறை பணம். வைத்திருந்து குத்தகைக்கு விட்டால் தலைமுறை தலைமுறையாக வருவாய். சந்தைத் திடல், மீன்பிடிக் குத்தகைக்குரிய குளம், கடைகள் என்று ஊராட்சிக்கு உரிய சொத்துகளைப் பதிவேட்டில் தெளிவாக ஏற்றி, எல்லை காட்டிக் காக்கும் கடமையை நம் ஊராட்சி உறுப்பினர்கள் இவ்வெண்ணத்தோடு நோக்கலாம்.

இரண்டாவது, நல்லெண்ணம் மட்டும் சொத்தைக் காக்காது. பத்திரமும் சட்டமுமே காக்கும். ஹோவர்டு வகுத்த இலட்சியம் எவ்வளவு உயர்ந்ததாயினும், பங்குச் சந்தை வழியே ஊர் கைமாறுவதை அது தடுக்கவில்லை. தடுத்தது பாராளுமன்றச் சட்டம். அச்சட்டத்தைக் கேட்டுப் பெற்றது ஊரார் தேர்ந்தெடுத்த மன்றம்.

மூன்றாவது, மன்றம் நிலைப்பது அதன் வேலையாலும் கணக்காலும். எந்த வேலை தனக்குரியது, எவ்வளவு வரி வந்தது, எதற்குச் செலவாயிற்று என்பதை ஊரறியக் கூறும் மன்றத்தை ஊர் கைவிடாது. கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவைப் படித்துக் காட்டும் வழக்கத்தைச் சடங்காக எண்ணாமல், ஊராட்சியின் உயிராகவே கருத வேண்டும். லெட்ச்வொர்த் மக்கள் தங்கள் நிலத்தைக் காத்துக்கொண்டார்கள். தங்கள் மன்றத்தைக் காக்கவில்லை. இரண்டையும் ஒருசேரக் காக்கும் ஊர், வளர்ச்சியின் பயனைத் தன் மக்களுக்கே கொண்டுசேர்க்கும் என்பதில் ஐயமில்லை.